அத்தைக்குப் படிக்கத் தெரியாது

எங்கள் கம்பெனியில் ஒவ்வொருவரும் மாதத்துக்கு இரண்டு கார்டு எழுதிப் போட வேண்டும். கேட்டுக்குள் நுழைந்ததும் விரல் வைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பெட்டி மாட்டியிருக்கும், அதில். நியர் மிஸ் கார்டு என்பார்கள். விபத்து நடக்கவில்லை, ஆனால் நடக்கப் பார்த்தது, அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் எழுத வேண்டும். கார்டில் நான்கு கட்டங்கள். எங்கே பார்த்தீர்கள். என்ன பார்த்தீர்கள். என்ன நடந்திருக்கலாம். என்ன செய்யலாம். யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்கிற கட்டம் கிடையாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனி அது. பேக்கிங்கில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். மற்றவர்கள் கார்டில் எழுத விஷயம் கிடைக்காமல் மாதா மாதம் 'தரையில் தண்ணீர்' என்று எழுதிப் போடுவார்கள். எனக்கு அந்தப் பஞ்சம் வந்ததே இல்லை. ஏணியைப் பார்த்தால் அதிலிருந்து யாரோ விழுவது எனக்குத் தெரியும். பெட்டி அடுக்கைப் பார்த்தால் அது சரிவது தெரியும். வீட்டிலும் அப்படித்தான். கேஸை மூடினேனா என்று கம்பெனி பஸ்ஸில் ஏறிய பிறகு போன் பண்ணிக் கேட்பேன். என் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "நீ கவலப்படறதுக்குத் தனியா ஒரு சம்பளம் குடுத்தா, இந்நேரம் மாடி ஊடு கட்டியிருப்போம்" என்பார்.

எழுதுவதுதான் எனக்குப் பாடு. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பதில் குறையில்லை, போண்டா மடித்துத் தருகிற தாளைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவேன். பேனா பிடித்தால் எழுத்து கோட்டை விட்டுச் சரிந்து இறங்கும். பக்கத்தில் யாராவது நின்றால் கை நின்றுவிடும். அதனால் கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக எழுதுவது வழக்கம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தம்பி வீடும் எங்கள் வீடும் ஒரே மனையில் நடுவில் ஒரு சுவர் வைத்துக் கட்டியவை. அவன் சிப்காட்டிலேயே வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஒரே மகள், பத்து வயது. இரண்டு வருடமாக அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். அதற்கு முன் ஒரு இங்கிலீஷ் மீடியத்தில்தான் சேர்த்திருந்தார்கள். பாடம் ஒப்பிக்கவில்லை என்று ஒருநாள் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்க வைத்ததில், குழந்தை நின்றபடியே மூத்திரம் போய்விட்டது. வகுப்பே சிரித்திருக்கிறது. அதற்குப் பிறகு யூனிபார்மைப் பார்த்தாலே வாந்தி எடுத்தாள். வேன் ஹாரன் கேட்டால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கி நின்றுகொள்வாள். அந்த இடுக்கிலிருந்து நானே அவளை வெளியே இழுத்திருக்கிறேன். தம்பி ஒரு மாதம் பார்த்தான். "இனிமே அந்தப் பக்கமே போவ வேணாம்மா" என்று முடித்துவிட்டான்.

ஹோம் ஸ்கூலிங் என்ற வார்த்தையைப் போனில் வீடியோ பார்த்துக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவனும் அவன்தான். வெள்ளை போர்டு வாங்கி மாட்டினான். சுவரெல்லாம் படம் ஒட்டினான். அவன் மனைவி பிளஸ் டூ படித்தவள். முதல் ஐந்தாறு மாதம் காலை நாஷ்டா முடிந்ததும் அங்கே மணி அடிக்காத குறைதான். வாய்ப்பாடு சத்தம் சுவரைத் தாண்டி எங்கள் சமையலறைக்கு வரும். பிறகு அவள் பிளவுஸ் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். மெஷின் சத்தம் மட்டும் வந்தது.

அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. காரணம் அந்தப் பிள்ளையின் கையெழுத்து. நோட்டைத் திறந்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் தம்பி அந்த நோட்டைத்தான் எடுத்து நீட்டுவான். "எந்த ஸ்கூல்ல இப்டி எழுத வெச்சிட்டான், சொல்லு பாப்போம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை, "இன்னா அத்த எழுதற?" என்றாள் அந்தப் பிள்ளை.

"கம்பெனி கார்டு. என் எழுத்து கோழி கிளறுன மாதிரி வருது. நீ எழுதித் தரியா?"

அவளுக்கு ஒரே சந்தோஷம். கால்களை மடக்கி உட்கார்ந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"பேக்கிங் வாசலில் பலகை உடைந்திருக்கிறது. எழுது."

பேனாவைக் கார்டில் வைத்தாள். எடுத்தாள். உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அத்த, நீ ஒருவாட்டி எழுதிக் குடு. அத்தப் பாத்து நான் அழகா எழுதிடறேன்."

"நானே எழுதறதுன்னா நீ இன்னாத்துக்குடி?"

சிரித்தாள். பிறகு இடது கையால் கார்டை மறைத்துக்கொண்டு, குனிந்து, வேகமாக எழுதி என்னிடம் கொடுத்தாள். முத்து முத்தாக ஒரு வரி. 'காலையில் எழுந்தவுடன் பல் துலக்க வேண்டும்.'

இரண்டு முறை படித்தேன். நிமிர்ந்தால் அவள் கார்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது புரிகிறதா என்று பார்க்கிற பார்வை.

"நான் எழுதனது கரெக்டா கீதா, அத்த?"

"நல்லா கீது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "அத்தைக்குப் படிக்கத் தெரியாது, பாவம்னு நைனா சொல்லுச்சு. இனிமே நானே உனுக்கு எழுதித் தரேன், இன்னா?"

அவள் போனபிறகு வேறொரு கார்டை எடுத்து, பலகை உடைந்ததை நானே எழுதினேன். இரண்டையும் பையில் வைத்தேன். அந்த வாரம் முழுக்க அவளைக் கவனித்தேன். கடைக்குக் கூட்டிப்போய் பிஸ்கட் பெயரைப் படிக்கச் சொன்னால் கவரின் நிறத்தைப் பார்த்துச் சொன்னாள். நிறம் தெரியாத புதுப் பாக்கெட்டை நீட்டினால், "அது நல்லா இருக்காது அத்த" என்றாள். பஸ் போர்டைக் காட்டினால் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தையும் அவள் ஒளிந்துகொள்வதற்கே செலவழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பில்தானோ என்னவோ, மூன்று தடவை சரிபார்க்காமல் எதையும் செய்யாத நான், பையிலிருந்த இரண்டு கார்டில் மாற்றி எடுத்து மஞ்சள் பெட்டியில் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி சேஃப்டி ஆபீசர் கார்டுகளைப் படிப்பார். அன்றைக்கு ஒரு கார்டை எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரோ நமக்கு நல்ல புத்தி சொல்லியிருக்காங்க. காலையில் எழுந்தவுடன் பல் துலக்க வேண்டும்."

வரிசையே சிரித்தது. "சார், உங்கள நெனச்சிதான் எழுதியிருக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "நைட் ஷிஃப்ட்காரனுக்கு இது பொருந்துமா சார்?" என்று இன்னொன்று. "எழுத்து மட்டும் சூப்பர். யாருன்னு சொன்னா நம்ம போர்டெல்லாம் எழுதச் சொல்லிடலாம்" என்றார் ஆபீசர்.

நானும் சிரித்து வைத்தேன். காது இரண்டும் கொதித்தது. பெஞ்சின் மேல் அவள் நின்றிருந்தபோது இப்படித்தான் கேட்டிருக்குமோ என்று தோன்றியது.

முதலில் தம்பி மனைவியிடம் பேசினேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை.

"பொண்ணு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்க மாட்டேங்குதேம்மா."

"யார் சொன்னா அண்ணி? டெய்லி நாலு பக்கம் எழுதறா. நோட்ட எடுத்துப் பாருங்க."

"பாத்து எழுதறா. படிச்சி எழுதல."

மெஷின் நின்றது. அவளுக்குத் தெரியும் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது. "படிக்கச் சொன்னா அழுவறா அண்ணி. அழுதா மூச்சு வாங்குது. எழுதச் சொன்னா பேசாம உக்காந்துகினு எழுதறா. நான் இன்னாதான் பண்றது? அவருகிட்ட சொன்னா என்னையத்தான் கேப்பாரு, ஊட்ல உக்காந்துகினு இன்னா கிழிச்சன்னு." மறுபடி மெஷின் ஓடியது.

சாயந்திரம் தம்பியிடம். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எட்டாங்கிளாஸோட நின்னவ நீ. எனக்கு எஜுகேஷன் சொல்லித் தரியா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னான். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். ஆனால் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை. "பெஞ்சு மேல நின்னது உன் பொண்ணா, என் பொண்ணா? உன் பொண்ணு நல்லாப் படிச்சிது, கட்டிக் குடுத்துட்ட, செவ்வாப்பேட்டைல நிம்மதியா கீது. என் பொண்ணு சிரிக்கவே ஒரு வருஷம் ஆச்சி. படிப்பு எங்க ஓடிப் போவுது? மெதுவா வரட்டும். ஒனக்கு ஏன் இந்த பேஜாரு?"

ஏன் எட்டாவதோடு நின்றேன் என்பது அவனுக்குத் தெரியாததில்லை. அப்போது அவனுக்கு இரண்டு வயது. அம்மா செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனாள். அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

சொல்வதா, வேண்டாமா. இரண்டு மாதம் இதுவே ஓடியது. யாரிடம் சொல்வது என்பதே முதலில் தெரியவில்லை. குழந்தைகளுக்கென்று ஒரு உதவி எண் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு சுவரில் எழுதியிருக்கும். அதைப் போனில் அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிடுவார்களோ என்று போனை அணைத்துவிட்டு ஒருநாள் முழுக்க இருந்தேன். போலீஸ் வந்தால்? பெற்றோர் சரியில்லை என்று பிள்ளையை எங்கேயாவது ஹோமில் கொண்டுபோய் வைத்துவிட்டால்? மறுபடி ஒரு பெஞ்ச், மறுபடி அந்த பீரோ இடுக்கு என்று ஆனால்? சொல்லாமல் விட்டால் என்னவாகும் என்பதற்கு மட்டும் எனக்குக் கற்பனை தேவைப்படவில்லை. விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் பேங்கில் யார் முகத்தையாவது பார்த்துக்கொண்டு நிற்பவளை நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். எனக்காவது படிக்கத் தெரியும்.

"குடும்பத்துக்குள்ள கீறத குடும்பத்துக்குள்ளயே வெச்சிக்க" என்றார் என் கணவர். "சுவரு ஒண்ணுதான். நாளைக்கி சண்டன்னா மூச்சு விடறதுகூட கேக்கும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்கு முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட்டில் சரக்கைத் தூக்குகிற இரும்பு முள்ளின் மேல் ஏறி நின்றுகொண்டு உயரத்திலிருந்து பெட்டி இறக்கிய ஒரு லோடிங் ஆளைப் பற்றிக் கார்டு எழுதினேன். பெயர் எழுதவில்லை. இடத்தை எழுதினால் ஆள் தெரியாதா. மூன்று நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். சரிந்து இறங்கும் எழுத்து யாருடையது என்றும் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்தவர் என்னிடம், "வணக்கம் மேடம்" என்றார். அதுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

கோடை விடுமுறை தொடங்குகிற சமயம், பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் தெருத் தெருவாக வருவார்கள். எங்கள் தெருவுக்கு ஊராட்சிப் பள்ளி டீச்சர் ஒருவர் வந்தார். கையில் போன், குடை, தோளில் துணிப்பை. தம்பி வீட்டில் பேசிவிட்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு சூளூர்ப்பேட்டைல பாட்டி வீட்டுல தங்கிப் படிக்குதாம்மா? அவங்கம்மா சொன்னாங்க."

தம்பி மனைவிக்கு ஆந்திரப் பக்கம்தான் தாய்வீடு. பிள்ளை அந்த நேரம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். பத்து நிமிடம் முன்னால் அவள் பாடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. இப்போது சத்தமே இல்லை.

இரண்டு மாதமாக யாரிடம் சொல்வது என்று தவித்தேனே, அந்த ஆள் என் வாசலில் வந்து நின்று கேட்கிறார். நான் முறத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆமா டீச்சர்" என்றேன்.

"அப்போ வெளி மாநிலம்னு போட்டுடறேன்" என்று போனில் ஏதோ தட்டினார். "தண்ணி கொஞ்சம் தரீங்களா?" குடித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு திரும்பத் தொடங்கவில்லை.

நான் முறத்தை வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். எட்டாவதில் நான் நின்றபோது ஒரு வாத்தியார் சைக்கிளில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். நல்லாப் படிக்கிற பொண்ணு, ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார். "ஊத்துக்கோட்டைல சித்தி ஊட்டுக்கு அனுப்பிட்டோம் சார், அங்கயே சேத்துட்டாங்க" என்றாள் அம்மா. நான் கதவுக்குப் பின்னால் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் சத்தம் போட்டால் அம்மா சொன்னது பொய்யாகிவிடும் என்று நானேதான் அவன் வாயைப் பொத்தியிருந்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்க்கமாட்டாரா என்றும் இருந்தது. வாத்தியார் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடுகிற சத்தம் கேட்டது. அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் தம்பி வாயிலிருந்து கையை எடுத்தேன். என் விரல்களில் அவன் எச்சில்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தம்பியிடமும் இல்லை.

அடுத்த நாள் கம்பெனியில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு ஊராட்சிப் பள்ளிக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். எனக்குத் தெரிந்த ஒரே முறை அந்த நான்கு கட்டம்தான். எங்கே: பக்கத்து வீட்டில். என்ன: பத்து வயதுப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை. மூன்றாவதும் நான்காவதும் வரிசையாக வரவில்லை.

டீச்சர் அலமாரிக்குள் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நேத்து நான் பொய் சொல்லிட்டேன் டீச்சர்" என்றேன். அதற்கு மேல் எல்லாம் கொட்டிவிட்டது. பல் துலக்க வேண்டும் என்ற வரி, பிஸ்கட் பாக்கெட், பெஞ்ச், எல்லாம்.

"போலீஸ் வருமா?" என்றேன்.

"போலீசா? எங்கிட்ட இருக்கறது ஒரு போனும் ஒரு குடையும்தாம்மா." சிரித்தார். பிறகு, "வீட்டுல வெச்சுப் படிக்க வைக்கறவங்க நல்லாவும் படிக்க வைக்கறாங்க. அதுல சண்டைக்குப் போகமாட்டேன். பொண்ணு படிக்கலன்றதுதான் விஷயம். நான் போய்ப் பேசிப் பாக்கறேன். நீங்க சொன்னீங்கன்னு வராது."

"ஒண்ணு மட்டும் டீச்சர். பெஞ்சு மேல நிக்க வெக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"இங்க பெஞ்சே அஞ்சுதான் இருக்கு." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரிப்பை விட்டார். "என் கிளாஸ்ல நிக்க வைக்க மாட்டேன். அடுத்த வருஷம் வேற டீச்சர், அப்புறம் பெரிய ஸ்கூல். அவங்களுக்கெல்லாம் சேர்த்து நான் எப்படிம்மா வாக்கு குடுக்க முடியும்?"

பொய்யாகவாவது ஒரு வாக்கு கொடுத்திருக்கலாம் என்று வரும் வழியில் நினைத்துக்கொண்டேன். பிறகு, அவர் கொடுக்காததால்தான் அவரை நம்பலாம் என்றும் தோன்றியது. இரண்டும் மாறி மாறி வந்தன.

சனிக்கிழமை டீச்சர் வந்தார். தம்பியும் வீட்டில் இருந்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வெங்காயம் உரித்த கையோடு நின்றேன். முதலில் தம்பியின் குரல் ஏறியது. நோட்டை எடுத்துக் காட்டியிருப்பான். டீச்சரின் குரல் ஏறவேயில்லை. பிறகு, "கண்ணு, இந்த ஒரு வரி மட்டும் படிக்கிறியா?" என்று கேட்டது.

அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. கம்பெனியில் மெஷின் ட்ரிப் ஆகி நின்றால் வருமே, அந்த அமைதி. முடிவில் தம்பியின் குரல், வேறு யாருடையதோ போல: "ஒரு வரி கூடவா வர்ல?"

சாயந்திரம் அவன் எதிர்ப்பக்கப் பெட்டிக்கடைக்கார அம்மாவிடம் போய் நின்றான். சாக்கடைத் தண்ணீர் விஷயத்தில் அவர்களுக்குள் பழைய தகராறு.

"ஊட்டு விஷயத்த ஸ்கூல் வரைக்கும் கொண்டுபோனது யாருன்னு எனக்குத் தெரியும்."

"தோ பாரு நைனா, நான் சொல்லணும்னா ஒன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். ஒன்கிட்ட எனக்கு இன்னா பயம்? என் சாக்கடையப் பத்தியே நான் இன்னும் சொல்லி முடிக்கல."

"நடிக்காத. நீதான் தெருவுல போறவன் வர்றவன் எல்லாரையும் எண்ணிகினு உக்காந்திருக்க."

"கடைன்னா எண்ணிகினுதான் உக்காரணும். கண்ண மூடிகினா யாவாரம் பண்ணுவாங்க?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் கணவர் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டே என்னைப் பார்த்து, போகாதே என்று தலையை ஆட்டினார். அந்த அம்மா பேரில் பழி விழட்டும், நாளைக்குச் சாக்கடையோடு சேர்ந்து ஓடிவிடும் என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. தோன்றியது என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிவிட்டேன்.

"அவங்கள உடுடா. நான்தான் சொன்னேன்."

"இன்னா நீ?"

"நான்தான் ஸ்கூலுக்குப் போய் டீச்சர்கிட்ட சொன்னேன்."

அவன் என்னைப் பார்த்தான். அவன் வீட்டு ஜன்னலில் பிள்ளையின் முகம் தெரிந்தது. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனியா?"

"சொன்னேன். எட்டாங்கிளாஸுன்னு சொன்னியே."

கடைக்கார அம்மா, "நல்ல குடும்பம்ப்பா" என்று மிட்டாய் பாட்டிலைத் திருகி மூடினாள். வேறு நேரமாயிருந்தால் எங்கள் இருவருக்குமே சிரிப்பு வந்திருக்கும்.

தம்பி என்னிடம், "சரிங்க. ரொம்ப சந்தோஷம்ங்க" என்றான். எனக்கு நினைவு தெரிந்து அவன் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. வணக்கம் மேடம் என்றவரின் முகம் நினைவுக்கு வந்தது.

ஜூனில் பள்ளி திறந்ததும் அவனே அவளை வண்டியில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனான். யார் சொல்லி, யார் அழுது அது நடந்தது என்று எனக்குத் தெரியாது. சுவர் வழியாக எல்லாம் கேட்கும் என்பது உண்மையில்லை, வேண்டிய இடத்தில் கேட்காது. முதல் வாரம் இரண்டு நாள் காலையில் அவள் வாந்தி எடுத்தது மட்டும் நன்றாகக் கேட்டது. அடுப்பின் முன்னால் நின்றபடி, இது நான் செய்தது, இது நான் செய்தது என்று சொல்லிக்கொண்டேன். கம்பெனி பஸ் பள்ளியைத் தாண்டும்போது கழுத்தை நீட்டிப் பார்ப்பேன். ஒருநாள் மரத்தடியில் தனியாக நின்றிருந்தாள். அன்று இரண்டு டப்பா மூடியைக் கலந்து பேக் பண்ணிவிட்டு மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினேன். இன்னொரு நாள் மூன்றாவது படிக்கிற பிள்ளைகளோடு வரிசையில், எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக.

நான்கு மாதமாகத் தம்பி என்னிடம் பேசவில்லை. அவன் மனைவி ஏதாவது சமைத்தால் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவாள், அவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருக்கும்போதே அவள் மீன் குழம்புக் கிண்ணத்தோடு வந்தாள். நான் கார்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிண்ணத்தை வைத்துவிட்டு, கார்டைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்தாள்.

"எங்... கே... பார்த்... தீர்கள்." என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். நெற்றியில் வேர்வை. மூன்றாவது கட்டத்தில் இரண்டு தடவை பின்னால் வந்து மறுபடி தொடங்கினாள். "என்ன... நடந்... திருக்... கலாம்." விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "இன்னா நடந்திருக்கலாம் அத்த?" என்றாள்.

பதிலுக்குக் காத்திராமல் அவள் வேறொன்றைக் கேட்டாள். "உனுக்குப் படிக்கத் தெரியும்தான?"

"தெரியும்."

"அன்னிக்கும் தெரியுமா?"

"அன்னிக்கும் தெரியும்."

அவள் கார்டின் ஓரத்தை நகத்தால் மடித்து மடித்து நிமிர்த்தினாள். "அதனாலதான் டீச்சர்கிட்ட சொன்னியா?"

"ஆமா."

எழுந்து போய்விட்டாள். கோபமா, வெட்கமா, நான்காவது கட்டத்தைப் படிக்க அலுப்பா, எதுவென்று அந்த முதுகைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. நான் சுவரோரம் போய் நின்றேன். அங்கே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"இன்னா சொன்னாங்க ஒங்க அத்த?" தம்பியின் குரல்.

"ஒண்ணும் சொல்லல நைனா. கம்பெனி கார்டு படிச்சேன்."



"முழுசாவா?"

"மூணு கட்டம்."

அவன் என்ன சொல்லப் போகிறான் என்று காதை இன்னும் சுவரோடு ஒட்டினேன். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.